மாப்ள, புல்லட்டு உங்கய்யனோடது

மாப்ள, பெங்களூர்ல இருந்து நீ கட்டிக்கிட்டு வந்த சாமானை எல்லாம் பார்த்தேன். ஸ்பேனர் செட்டு பளபளன்னு இருக்குது. கறுப்புக் கையுறை இருக்குது. மண்டி போட்டா முட்டி நோகாம இருக்க ரப்பர் மெத்தை இருக்குது. நெத்தியில கட்டிக்கிற லைட்டுகூட இருக்குது. உன்ற கல்யாணத்துக்கு நாங்க வெச்ச சீர்த்தட்டுகூட இத்தனை நேர்த்தியா அடுக்கி வரலை. ஒரே ஒரு சாமான்தான் காணோம். முக்காலி. எழுபத்தஞ்சு வயசு மனுசன், ரெண்டு முட்டியும் தேஞ்சு போயி மாடிப்படி ஏற கம்பியைப் பிடிக்கிறவரு, வண்டி பிரிக்கிற எடத்துல எதுல உட்காருவாருன்னு ரோசிச்சயா?

ரோசிச்சயாமா. வாசல்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டு, "நீங்க அங்க காத்தோட்டமா உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்"னயாமா. எழவு ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை உட்கார வெக்கிறாப்புல பெத்தவரை உட்கார வெச்சிருக்கறே. கட்டுத்தரை உள்ள, சேர் வெளிய. அங்க இருந்து அவரு என்னத்தைப் பார்ப்பாரு? உன்ற முதுகைத்தான்.

நம்மூர் ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு முக்காலி செய்யச் சொல்லு. பலகை அகலமா இருக்கட்டும். ஒசரம் முட்டி மட்டத்துக்குக் கொறையக்கூடாது. தாழ்வா இருந்தா உட்காந்துருவாரு, எந்திரிக்க ஆள் வேணும். ஆளை அவரு கூப்பிட மாட்டாரு. ரவைக்கு முச்சூடும் அங்கயே உட்காந்திருப்பாரே ஒழிய, "டேய், கை குடு"ன்னு வாயைத் தொறக்க மாட்டாரு. எனக்குத் தெரியும். என்ற தங்கச்சியைக் குடுத்திருக்கறேன், இதுகூடத் தெரியாதா?

அடுத்தது டார்ச்சு. நீ சின்னவனா இருந்தப்ப உன்னை டார்ச்சு பிடிக்க நிறுத்துவாரு. "எங்கடா காட்டறே, நான் கைய வெச்ச எடத்துல காட்டு"ன்னு வெய்வாரு. நீ கொசுவை அடிக்கக் கையை எடுத்தா அதுக்கொரு வசவு. அதுக்கெல்லாம் பழி வாங்கறாப்புல இப்ப அவரு கையில டார்ச்சைக் குடுத்துட்டே. ஆனா நீ வெய்யலை. நாகரிகம் படிச்ச புள்ளை. "கொஞ்சம் இந்தப் பக்கம்ப்பா... இல்ல... பரவால்லப்பா, குடுங்க நானே பிடிச்சுக்கறேன்"னயாமா. அந்தப் 'பரவால்லப்பா' இருக்குதே, அவரு ஆயுசுக்கும் உன்னை வெஞ்சதை எல்லாம் ஒரு தட்டுல வெச்சாலும் அதுக்கு ஈடு நிக்காது. நெத்தி லைட்டு வெச்சிருக்கறயில்ல? அதை மாட்டிக்க. டார்ச்சைப் பொட்டியில போட்டு மூடு.

ஒறம்பரைகிட்ட எல்லாம் "இது பிரிட்டிஷ் கிளாசிக்"னு பீத்திக்கிட்டிருக்கறயாமா. கிளாசிக்குன்னு சொல்லிக்க, கோயில்லகூடக் கட்டி வெச்சுக்க. பிரிட்டிசுன்னு மட்டும் மச்சான் காதுபடச் சொல்லிராதே. இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கற ஊர்ல 1932லயே புல்லட்டுன்னு பேர் வெச்சுட்டாங்க, மறுக்கலை. நம்ம பட்டாளத்துக்கு எல்லையில ஓட்ட 800 வண்டி வேணும்னு கேட்கப் போயித்தான் 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்களோட சேர்ந்து இங்க கம்பெனி வெச்சாங்க. திருவொற்றியூர்ல. முதல்ல பாகம் பாகமா கப்பல்ல வந்து இங்க பூட்டினது. பொறவு பாகமே இங்க வார்த்தது. 1970 வாக்குல அங்கத்தக் கடை சாத்திப்போச்சு. இங்க சாத்தலை. 1977ல அந்த ஊருக்காரங்களுக்கே நம்மாளுங்க வண்டியைக் கப்பல் ஏத்தி அனுப்பினாங்க. உங்கய்யன் வண்டி 83ஆம் வருசத்துது. வார்த்தது திருவொற்றியூர், வாங்கின காசு கோபி மஞ்சக் காசு. இதுல வெள்ளைக்காரனுக்கு என்ன பாத்தியதை?

சரி, சோலிக்கு வருவோம். பத்துப் பன்னெண்டு வருசம் கட்டுத்தரையில நின்ன வண்டி. சீட்டு மேல கோழி முட்டை வெச்சுக் குஞ்சு பொரிச்சிருக்குது. ஹேண்டில்பார்ல உங்கம்மா மொளகாய்ச் சாக்கைத் தொங்க விட்டிருந்தா. கிக்கரை மிதிச்சா இறங்கலை. உடனே நீ மரக்கட்டையும் சுத்தியலும் எடுத்துட்டு வந்துட்டே. வாசல்ல சேர்ல இருந்தபடியே அவரு "டீசல் ஊத்து"ன்னாரு. நீ "இருங்கப்பா"ன்னுட்டுப் போன்ல தேடினே. போன்ல எவனோ ஒரு அமெரிக்காக்காரன் பத்து நிமிசத்துல பிஸ்டனை வெளிய எடுத்துக் காட்டினானாம். ஏ சாமி, அவன் மாசக்கணக்குல ஊற வெச்சதை முச்சூடும் படம் பிடிச்சுப் போட்டா எவன் குந்திப் பார்ப்பான்?

பொறவு நீயும் அதைத்தான் செஞ்சே. பிளக்கைக் கழட்டி, அந்தத் தொளையில டீசலை ஊத்தி வெச்சே. நல்லது. இது இரும்புச் சிலிண்டர். ரிங்கும் சுவரும் துருவுல ஒட்டிக் கெடக்குது. டீசல் துளித்துளியாத்தான் எறங்கும். சுத்தியல்ல ஒரு போடு போட்டிருந்தீன்னா பிஸ்டனும் போச்சு, கனெக்டிங் ராடும் போச்சு. நடு ஸ்டாண்டுல நிறுத்தி, டாப் கியரைப் போட்டு, பின்சக்கரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் துளி அசைச்சுப் பார்க்கோணும். அசையாட்டி மறுநாளைக்கு. அந்தச் சோலியை அவருகிட்ட விட்டுட்டு நீ பெங்களூர் போனே பாரு, அது ஒண்ணுதான் இதுவரைக்கும் நீ செஞ்ச புத்திசாலித்தனம். தெரிஞ்சு செஞ்சயோ, லீவு இல்லாமச் செஞ்சயோ. சக்கரைக்கு நடங்கன்னு டாக்டர் தலைகீழா நின்னு சொன்னப்ப நடக்காத மனுசன், இப்ப நாளும் பொழுதோட அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கட்டுத்தரைக்குப் போறாரு.

இஞ்சின் சேர்றப்ப எது அவருக்கு, எது உனக்குன்னு இப்பவே பிரிச்சு வெச்சுக்க. ஆனா பிரிச்சது அவருக்குத் தெரியக்கூடாது.

பாயிண்ட் கேப்பு உன்ற சோலி. 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள நிக்கோணும். அதுக்கு கேஜுத் தகடும் வேணும், கண்ணும் வேணும். புரை உரிச்ச கண்ணுக்கு அது ஆகாது. டேப்பட்டு அவரு சோலி. வலது பக்கம், சிலிண்டருக்கு அடியில ஒரு சின்ன மூடி இருக்குது பாரு. அதைக் கழட்டினா ரெண்டு புஷ் ராடு நிக்கும். வண்டி குளுந்து கெடக்கோணும். பிஸ்டன் கம்ப்ரசன்ல மேல வந்து நிக்கோணும். ராடை ரெண்டு விரல்ல பிடிச்சுத் திருக்கினா சுத்தோணும். மேலயுங் கீழயும் ஆடக்கூடாது. அம்புட்டுத்தான் கணக்கு. கேஜும் கெடையாது, அளவும் கெடையாது. பிடிச்சுப் பார்த்தே தெரிஞ்சுக்கிற வேலை. கைதான் நடுங்குதேன்னு நீ பார்க்கறே. காபி டம்ளரைப் பிடிச்சா நடுங்கும், நட்டைப் பிடிச்சா நின்னுக்கும். அவரு லாக் நட்டை முறுக்கின பொறவு நீ ஒருக்கா ராடைத் திருக்கிப் பாரு. சரியா இருந்தாலும், "கொஞ்சம் டைட்டா இருக்கறாப்புல இருக்குதுப்பா"ன்னு சொல்லு. உனக்கு ஒண்ணுந் தெரியலைன்னு அரைமணி நேரம் நாயம் சொல்லுவாரு. ரத்தக் கொதிப்புக்கு நல்லது.

கிக்கர் விசயத்துல மட்டும் கறாரா இரு. டைமிங் துளி முந்தி நின்னாலும் புல்லட்டு திருப்பி அடிக்கும். கணுக்காலு போகும். அவரு வயசுக்கு அந்த எலும்பு கூடறதுக்கு வருசம் பிடிக்கும். அதுக்குன்னு, "நீங்க மிதிக்க வேண்டாம்பா, உங்களுக்கு முடியாது"ன்னு சொல்லிப்போடாதே. அப்பத்தான் வேட்டியை மடிச்சுக் கட்டுவாரு. சாவியைப் போட்டா ஹெட்லைட்டு மண்டையில இருக்கற ஆம்ப்மீட்டர் முள்ளு மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே வந்தா ஒரு எடத்துல முள்ளு நடுவுக்கு வரும். பாயிண்ட்டு பிரிஞ்சிருக்குது, பிஸ்டன் மேல வந்துருச்சுன்னு அர்த்தம். அங்க நிறுத்தி, இடது கையில டீகம்ப்ரசரைப் பிடிச்சுக்கிட்டு இன்னுந் துளி அமுக்கோணும். லீவரை விட்டுட்டுக் கிக்கரை மேல வர விட்டு, முழுசா ஒரே மிதி. இதுல முள்ளைப் பார்க்கறதும் லீவரைப் பிடிக்கறதும் அவரு. காலு மட்டும் உன்றது. "நிறுத்து"ன்னா நிறுத்து, "மிதி"ன்னா மிதி. ஸ்டார்ட் ஆனா அவரு பண்ணினது. ஆகாட்டி உனக்கு மிதிக்கத் தெரியலை. இந்த ஒப்பந்தத்துக்கு நீ ஒத்துக்கிட்டா அவரு கணுக்காலு தப்பிக்கும்.

ஓட்டறதும் அவருகிட்டத்தான் படிக்கோணும். சிரிக்காதே. நீ வலது கால்ல பிரேக்குப் போட்டுப் பழகினவன். இதுல பிரேக்கு இடது பக்கம், கியர் வலது பக்கம். முதல் கியர் மேல, மிச்சம் மூணும் கீழ. எதுக்கால நாய் வந்தா நீ பிரேக்குன்னு நெனச்சு வலது காலை அமுக்குவே, அது அடுத்த கியர் விழும். நாய் தப்பிச்சுக்கும், நீ முள்வேலிக்குள்ள போவே. குதிகாலால அமுக்கினா நியூட்ரல் விழறதுக்குன்னு தனியா ஒரு லீவர் இருக்குது. அதை எப்ப அமுக்கறதுன்னு பின்னால உட்கார்ந்து அவரு சொல்லிக் குடுக்கட்டும். வாய்க்கால் மேட்டு மண்ரோட்டுல, ரெண்டு பேரும் ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு. உன்ற பெங்களூர் பிரண்டுக முன்னால படிச்சுக்கலாம்னு இருந்துராதே.

புதுசு போடறது, பழசு வெக்கறது. இதுலதான் அப்பன் மகனுக்குள்ள ஓரியாட்டம் வரும். உசுருக்கு ஆபத்தானது எல்லாம் புதுசு போட்டுரு. கேட்டுக்கிட்டு நிக்காதே. டயரு வெடிச்சுப் போச்சு, 3.25-19 ரெண்டு வாங்கு. பிரேக் ஷூ, கேபிளு, ஒயரிங்கு, சக்கரத்து பேரிங்கு, இதுல பாசம் பார்க்க ஒண்ணுமில்லை. பெட்ரோல் ஓசும் மாத்து. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால் கலந்திருக்குது, பழைய ரப்பர் ஊறி விட்டுப்போகும். டேங்குக்குள்ள துரு இருக்குது. சல்லியும் மண்ணெண்ணையும் போட்டுக் குலுக்கோணும். குலுக்கறது நீ, காதுல சத்தம் கேட்டு "இன்னுங் குலுக்கு"ங்கறது அவரு.

மத்ததுல கைய வெக்கறதுக்கு முன்னால கேளு. செயின் கார்டுல ஒரு போல்ட்டு மத்ததுக்குச் சேராம தடியா நிக்குது பார்த்தயா? அது வண்டியோட வந்ததில்லை. ஒரு தீவாளிக்கு மொத நாள் ராத்திரி, கடை அடைச்ச பொறவு, கெணத்து மோட்டார்ல இருந்து கழட்டிப் போட்டது. மறுநாள் கெணத்துல தண்ணி எறைக்க முடியாம உங்கம்மா ஆடின ஆட்டத்தை நான் பார்த்தவன். நீ பார்ட்ஸ் பட்டியலைப் பார்த்து, "இது ஒரிஜினல் இல்லை"ன்னு தூக்கிப் போட்டுருவே. அவரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. பொழுதோட குப்பையைக் கெளறிக்கிட்டு நிப்பாரு.

சேலைக் கம்பியைக் கழட்டிட்டா வண்டி எடுப்பா இருக்கும்னயாமா. உங்கம்மாகிட்ட அதைச் சொல்லு, நான் தள்ளி நின்னு பார்க்கறேன். நீ வயித்துல இருந்தப்ப அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கவுந்தப்பாடி ஆசுபத்திரிக்குப் போனா. டேங்குல இடது பக்கம் நசுங்கியிருக்கறது யாரு வேலைன்னு உனக்கு மறந்திருக்கும். நீதான் சாமி. ஸ்டாண்டு போட்டிருந்த வண்டி மேல ஏறிச் சாஞ்சு, தண்ணித்தொட்டி மூலையில இடிச்சுது. மச்சான் ஓடி வந்தவரு மொதல்ல வண்டியைத் தூக்கினாரா, உன்னைத் தூக்கினாரான்னு உங்கம்மா இன்னும் பஞ்சாயத்து வெக்கறா. நான் பார்த்தேன். சொல்ல மாட்டேன். அந்த நசுங்கலுக்குப் பட்டி பார்க்கறதா விடறதான்னு அவரையே கேளு. பெயிண்டு மட்டும், இந்த மினுமினுப்பில்லாத கரிச்சட்டிக் கறுப்பு வேண்டாம். டேங்குல தங்கக் கோடு வேணும். ஒட்டற ஸ்டிக்கர் ஆகாது. திருவொற்றியூர்ல அதைக் கையாலதான் இழுத்தாங்க. ஈரோட்டுல போர்டு எழுதற பழைய ஆளுக ஒருத்தர் ரெண்டு பேராவது இன்னும் இருப்பாங்க, தேடு.

காசு விசயம். சிலிண்டரைக் கோயமுத்தூர் லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போனா, அளந்து பார்த்துக் குடைஞ்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போடோணும்பாங்க. 70 மில்லிமீட்டர் போரு, இதுக்கு முன்னால எத்தனை தடவை குடைஞ்சிருக்குதுன்னு மச்சானுக்குத் தெரியும், பட்டறைக்குப் போறப்ப அவரையும் கார்ல ஏத்திக்க. பில்லை மட்டும் நீ வாங்கிப் பாக்கெட்டுல வெச்சுக்க. "எத்தனை ஆச்சு?"ம்பாரு. பாதியைச் சொல்லு. அதுக்கே "அட கொள்ளைக்காரப் பசங்களா, அந்தக் காசுக்கு ஒரு வண்டியே வாங்கலாம்"னு குதிப்பாரு. 83ல புது வண்டி வாங்கின வெலைதான் அவரு மண்டையில நிக்குது. முழுசாச் சொன்னீன்னா அன்னிக்கே சாக்கைப் போட்டு மூடிப்போடுவாரு. பொய் பாவமில்லையான்னு கேக்காதே. உன்ற காலேஜு பீஸு எத்தனைன்னு அவரும் உன்கிட்டப் பாதிதான் சொல்லியிருக்காரு.

காகிதம் ஒண்ணு பாக்கி. போன்ல படிச்சுட்டு விண்டேஜுன்னு பதிஞ்சரலாம்னே. 2021ல வந்த சட்டம், வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கோணும். உங்கய்யனுக்குத் தாண்டிருச்சு, வண்டிக்குத் தாண்டலை. அப்படிப் பதிஞ்சாலும் தெனமும் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்குந்தான். அதனால சாதாரணமா ஆர்.சி.யைப் புதுப்பி. 15 வருசத்துக்கு மேல ஆன வண்டியை அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போயிப் பிரேக் இன்ஸ்பெக்டருகிட்டக் காட்டோணும். 55 தாண்டின ஆளோட லைசென்சும் அதே அஞ்சு வருசந்தான். அவரு லைசென்சு என்னிக்கு முடியுதுன்னு பீரோவுல பாரு. முடிஞ்சிருந்தா ரெண்டுக்கும் ஒரே நாள்ல போ. டாக்டர் சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடாட்டி, அது டாக்டருக்கும் அவருக்கும். அங்க நீ குறுக்க பேசாதே. நானும் பேச மாட்டேன். ஓட்டக் கூடாதுன்னா ஓட்டக் கூடாதுதான்.

இப்ப சாவி. ஆர்.சி. புத்தகமும் சாவியும் எங்கன்னு கேட்டா "எங்கயோ கெடக்கும்"ங்கறாரு, மறதி வந்துருச்சோன்னு என்கிட்டப் போன் பண்ணி அழுவாத கொறையாச் சொன்னே. மறதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ரெண்டும் தலையணை உறைக்குள்ள இருக்குது. "பேரை எனக்கு மாத்திக்கலாம்ப்பா, பெங்களூர்ல அபார்ட்மெண்டுக்குக் கீழ கவர்டு பார்க்கிங் இருக்குது"ன்னு வந்த அன்னிக்கே சொன்னது நீதானே? அன்னிக்கு ராத்திரிதான் பீரோவுல இருந்த சாவி எடம் மாறுச்சு. வண்டி ரெடியான மறுநாள் பெங்களூர் போயிரும்னு தெரிஞ்சா, எந்த மனுசன் வெசையா வேலை பார்ப்பான்? பேரு மாத்தற பேச்சையே எடுக்காதே. வண்டி கட்டுத்தரையில இருக்கட்டும், சாவி தலையணையில இருக்கட்டும். உனக்கு ஓட்டோணும்னா ஊருக்கு வா, சாவியைக் கேட்டு வாங்கு, பொழுதோட திருப்பிக் குடு.

கடைசியா ஒண்ணு, இதை நான் சொன்னதா வெளிய போகக்கூடாது. பிஸ்டன் விட்டுப்போச்சு மாப்ள. செவ்வாக்கெழமை பொழுதோட சக்கரத்தை அசைச்சாரு, கடக்குன்னு ஒரு சுத்து வந்துருச்சு. நானும் பக்கத்துல இருந்தேன். உனக்குப் போன் போடறேன்னு எடுத்தேன், கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "இன்னும் ஊறலைன்னு சொல்லிருக்கறேன், சனிக்கெழமை வருவான்"னாரு. மேல இன்னொரு கா லிட்டர் டீசலையும் ஊத்தி வெச்சிருக்காரு. நீ வந்து சக்கரத்தைப் பிடிச்சா துளி மொரண்டு பிடிக்கறாப்புல நடி. முக்காலியையும் மறக்காதே, ஆசாரிகிட்ட நான் சொல்லிட்டேன், காசு நீ குடுத்துரு.